ஒரு சாண்

பதினேழு கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம்:
ஒப்புகிறேன் ஒரு முனை, ஒப்பவில்லை மறுமுனை,
நடுவில் இரண்டு தயக்கம்.

மண்டபம் ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
சுவரில் உப்புப் பூத்த அறை.
மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும்
நிறுத்தினால் வெந்துபோவோம்.
முட்டி தட்டும் சுத்தியலைத் தாள்மேல் வைத்துவிட்டு
உட்காருங்கள் என்றேன்.
"நிக்கிறேன் சார்" என்றாள் பூமயில்.
அது ஒரு பதில்.
அதற்குத் தாளில் கட்டமில்லை.

வயது நாற்பத்து மூன்று. பாசி எடுப்பவள்.
இடுப்பு, மூன்று ஆடி மாதங்களாக.
படம் எடுத்தாயிற்று, எலும்பில் ஒன்றுமில்லை.
"ஒண்ணுமில்லைன்னா ஏன் சார் வலிக்குது?"
நரம்பும் மூளையும் அம்புக்குறியுமாக
ஓர் அட்டை வைத்திருக்கிறேன் இதற்கென்றே.
எடுக்கவில்லை.

'அசைந்தால் என்னை நானே
காயப்படுத்திக்கொள்வேனோ என அஞ்சுகிறேன்.'
எந்த ஊரிலோ யாரோ பெயர்த்த தமிழ்.
"அஞ்சுறதுன்னா?"
பயம் என்றேன்.
"பயம் வேற சார், சூதானம் வேற.
திருக்கை கெடக்கிற எடத்துல
காலை இழுத்து இழுத்து வைப்போம்,
அது பயமா?"
யோசித்தேன்.
மூன்று என்று குறித்தேன்.
இப்போதும் அந்த மூன்று எனக்கு உறுத்துகிறது.

'என் வலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.'
இதற்குச் சிரித்துவிட்டாள்.
"எம் புருசன் பேரு நம்புராஜன் சார்.
கூப்பிடுறதே நம்புன்னுதான்.
இதை மட்டும் நம்ப மாட்டாரு."

கேட்காததையும் சொன்னாள்.
முயல்தீவில் ஈரச் சாக்கை வள்ளத்தில் ஏற்றும்போது
உள்ளே கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம்,
கூட இருந்த ஆறு பேருக்கும் கேட்கவில்லை.
அன்றிலிருந்து குடம் ஸ்டூல்மேல்.
அரிசி டப்பா ஜன்னலில்.
அரிவாள்மனை போய்க் கத்தி வந்தது.
துடைப்பத்துக்கு மூங்கில் கட்டி நீட்டியாகிவிட்டது.
கீழே விழுந்த சில்லறை
மகன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை
கீழேதான் கிடக்கும்.

கடல் உள்ளே வந்துபோன வீடுபோல
எல்லாம் ஒரு முழம் மேலே ஏறியிருக்கிறது.
பதினேழில் ஒரு கேள்விகூட
வீட்டின் உயரத்தைக் கேட்கவில்லை.

கூட்டினேன்: ஐம்பத்திரண்டு.
கூடுதல்தான்.
ஆனாலும் ஒரு பந்தைத் தரையில் வைத்தேன்,
குழந்தைகள் விட்டுப்போன சிவப்புப் பந்து.
எடுங்கள்.

மூச்சை இழுத்துப் பிடித்தாள்.
பாறையில் பாசி பறிக்கத்
தலைகீழாய் இறங்குபவர்கள் பிடிக்கிற மூச்சு,
கண்கள்கூடக் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் விரிந்தன.
காற்று நிறைந்த அறையில்
காற்றில்லாமல் குனிந்தாள்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஏழு. எட்டு.
துணி சுற்றிச் சுற்றித் தழும்பேறிய விரல்கள்
பந்துக்கு ஒரு சாண் மேலே நின்றன.
பத்து. பதினொன்று.

"விடுங்கள்" என்றேன்.
மூச்சைச் சொன்னேன்.
பந்தைச் சொன்னதாக நினைத்து
நிமிர்ந்துவிட்டாள்.

திரும்பக் கேட்க மனம் வரவில்லை.
ஐம்பத்திரண்டுக்குப் பக்கத்தில், ஓரத்தில்,
பென்சிலால் எழுதினேன்:
ஒரு சாண். பதினோரு விநாடி.
அச்சடித்தவர்கள் ஓரம் என்று கொஞ்சம் விட்டிருந்தார்கள்.

வாசலில் கவிழ்ந்து கிடந்த செருப்பைக்
கால்விரலாலேயே புரட்டி மாட்டிக்கொண்டாள்.
அதில் ஒரு தேர்ச்சி வந்திருந்தது.
வியாழக்கிழமை வாங்க என்றேன்.

"வர்றேன் சார்.
பந்தைக் கொஞ்சம் பெருசா வாங்கி வைங்க.
ஒரு சாண் ஒசந்தா
எட்டிரும்."